அபினி தின்றதை நான் சொல்லவில்லை

என் இடது விலாவில் நான்கு எலும்புகள் முறிந்த கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆவடி முகாமில் லாரியிலிருந்து பெட்டி சரிந்து மேலே விழுந்தது, பூந்தமல்லிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தது, செத்துப் பிழைத்தது எல்லாவற்றையும் விவரமாகவே சொல்வேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நடுவில் ஒரு நாளை மட்டும் தாண்டிப் போய்விடுவேன்.

அந்த நாளையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். வலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. என்னால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கெடுதலும் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் நெமிலிச்சேரி. யுத்தம் தொடங்கி ஆவடியில் பட்டாளத்து முகாம் பெரிதானபோது, எட்டாவது வரை படித்திருந்ததால், ஒரு கன்டிராக்டரிடம் எனக்கு வேலை கிடைத்தது. லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வெயிலில் நிற்க வேண்டியிருந்ததே தவிர உடம்பு நோகும் வேலை இல்லை. ஊரில் என்னை 'மிலிட்டரி எத்திராஜ்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சக்கரம் சேற்றில் வழுக்கி, மேலே இருந்த போல்ட் பெட்டி ஒன்று சரிந்தது. எனக்குப் பின்னால் சுவர். பெட்டி என் இடது பக்கத்தை அந்தச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டுக் கீழே விழுந்தது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிவதுபோலச் சத்தம் கேட்டது. அது நான்தான் என்று புரிந்துகொள்ளவே சற்று நேரம் ஆயிற்று.

அதே லாரியில் என்னைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். கரையான்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் அப்போது ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது இல்லை. பெயர் வேண்டாம். ஆண்கள் வார்டில் பத்துக் கட்டில். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு நர்ஸ்கள். டாக்டர் தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். என் முதுகில் இடது கை விரலை வைத்து வலது கை விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தார். மேலே குடத்தைத் தட்டினாற்போலக் கேட்டது. அடியில் வந்ததும் மரக்கட்டையைத் தட்டினாற்போல மந்தமாயிற்று. நுரையீரலுக்கு வெளியே ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்றார்.

கை கால் என்றால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம், விலாவுக்கு அப்படிச் செய்ய முடியாது, மூச்சு விட்டுக்கொண்டேதானே இருக்க வேண்டும் என்று என் மனைவி சொர்ணத்திடம் விளக்கினார். மார்பைச் சுற்றி ஒட்டுத்துணியால் இறுக்கிக் கட்டினார்கள். மற்றது தானாகச் சேர வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்.

அந்த வலியை எப்படிச் சொல்வது? வேறு எந்த வலியிலும் அசையாமல் கிடந்தால் கொஞ்சம் தணியும். இதில் ஒவ்வொரு மூச்சும் அசைவு. பாதி மூச்சு இழுத்ததும் ஈட்டி குத்தும், அங்கேயே நிறுத்திவிடுவேன். தும்மல் வந்தால் கண் இருண்டுவிடும். இருமல் வரும்போலிருந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கப் பார்ப்பேன்.

அதற்குத்தான் ஊசி. மார்பியா என்றார்கள். அபினியிலிருந்து எடுப்பது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. ஸ்பிரிட் விளக்கில் கரண்டியைக் காட்டி, வெந்நீரில் அதைக் கரைத்து, ஊசியில் இழுத்துக் கையில் போடுவார்கள். அளவு கால் கிரெயின், ஒரு அரிசி எடைக்கும் குறைவு. போட்ட கால் மணி நேரத்தில் வலி எங்கோ பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டது போலிருக்கும். அங்கே அது இருப்பது தெரியும், என்னைத் தொடாது. முழு மூச்சு இழுக்க முடியும். அந்த முதல் முழு மூச்சில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஊசி போடுகிற நர்ஸ் ஞானம்மாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நசரத்பேட்டைக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டிலிருந்து தினமும் நடந்து வருவாள். ஊசி போடும் முன்னால் என் மார்பைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்று மூச்சை எண்ணுவாள். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் ஊசி கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. ஒருமுறை நான் கத்தியபோது டாக்டரையே அழைத்து வந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"வலி ரொம்ப இருந்தா நீ ஆழமா மூச்சு இழுக்கமாட்டே, இருமமாட்டே. சளி அடியில தங்கிடும். அதுக்காகத்தான் மருந்து. ஆனா அதே மருந்து கூடிப்போச்சுன்னா, மூச்சு விடணுங்கறதையே மூளை மறந்துடும். இருமலும் வராது. ரெண்டுக்கும் நடுவுல உன்னை வெச்சிருக்கோம். இந்த அம்மா எண்ணறது அதுக்குத்தான்."

எனக்கு அது காதில் ஏறவில்லை. வலிக்கிறவனுக்கு விளக்கம் எதற்கு? ஞானம்மாள் தலையணையை என் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இருமச் சொல்லி வற்புறுத்துவாள். காலையில் இரண்டு தரம், சாயங்காலம் இரண்டு தரம். நான் அவளை மனதுக்குள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

சொர்ணம் கரையான்சாவடியில் தன் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, நாளுக்கு இரண்டு வேளை கஞ்சி கொண்டுவந்தாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டும்போது நான் விழுங்குகிற வரை தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். அவள் தம்பி கோதண்டம் ஆவடி முகாமுக்கு மணல் வண்டி ஓட்டுகிறவன். என் மேல் அவனுக்கு உயிர். ஒருநாள் விட்டு ஒருநாள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து என் காலைப் பிடித்துவிடுவான். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஊசியை நாளுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். அன்று கோதண்டம் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் வெற்றிலைக்குள் மடித்து ஒன்று கொண்டுவந்தான். கறுப்பாக, பிசுபிசுவென்று, மிளகு அளவில் ஐந்தாறு உருண்டை.

"மாமா, இத்த நாக்குக்கு அடியில வச்சிகினு கம்முனு படு. நோவு பறந்துடும். எங்க நைனா இருமலுக்கு இத்தத்தான் துன்னுகினு கீறாரு, ஒண்ணும் ஆவல. ஆருகிட்டயும் சொல்லிக்காத."

சர்க்கார் லைசென்சு பெற்ற அபினிக் கடையில் வாங்கியதா, லாரிக்காரர்களிடம் வாங்கியதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரலாம்.

நான்கு நாள் தின்றேன். கசப்பு. கசப்பு நாக்கில் இருக்கும்போதே அடுத்தது எப்போது என்று நினைப்பு ஓடும். மலம் இறங்கவில்லை. மூக்கு நுனி அரித்தது. பகலெல்லாம் தூங்கினேன். ஞானம்மாள் இரண்டு நாள் மூச்சை எண்ணிவிட்டு, பதினொன்றுதான் இருக்கிறது என்று ஊசியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். எனக்குக் கவலையில்லை, தலையணைக்கு அடியில் வெற்றிலை இருந்தது. டாக்டர் வலி குறைந்துவருகிறது என்று மகிழ்ந்துகொண்டார். ஆனால் என் முதுகில் தட்டியபோது மந்தச் சத்தம் இன்னும் மேலே ஏறியிருந்தது. தேங்கிய ரத்தத்தை ஊசி குத்தி வெளியே எடுத்தே தீர வேண்டும், நாளைக்குப் பகல் மூன்று மணிக்கு என்றார்.

அந்த ஊசியைக் காட்டினார்கள். காட்டியிருக்கக் கூடாது. கோணி தைக்கிற ஊசி மாதிரி இருந்தது.

மறுநாள் கோதண்டம் வந்தபோது என் பயத்தை அவனிடம் சொன்னேன். அவன் வெற்றிலையைப் பிரித்தான். புளியங்கொட்டை அளவில் ஒரே உருண்டை. பாதியை இப்போது, மீதியை ராத்திரிக்கு என்று சொல்லிவிட்டு மணல் ஏற்றப் போய்விட்டான். சொர்ணம் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போயிருந்தாள். நான் முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஞானம்மாள் தட்டோடு வந்தாள். குத்தி எடுக்கும் முன் ஒரு ஊசி போடச் சொல்லி டாக்டர் உத்தரவு. அன்று மற்ற நர்ஸ் காய்ச்சலில் வரவில்லை. இரண்டு வார்டையும் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை எண்ணினாள். பயத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு என்று குறித்துக்கொண்டாள். அப்புறம், ஏதோ சந்தேகம் தட்டியதுபோல, என் கண்ணைக் கிட்டத்தில் பார்த்துக் கேட்டாள்.

"வேற எதுனா மருந்து சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

"இல்ல நர்ஸம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கோதண்டத்தைக் காப்பாற்ற என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் கோதண்டம் என் நினைவிலேயே இல்லை. ஆமாம் என்றால் ஊசி போடமாட்டாள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மூச்சு நின்றுபோகும் அளவுக்குப் போனால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. தண்ணீரில் மூழ்குவதுபோல முட்டிக்கொண்டு திணறும் என்று நினைக்கிறார்கள். எனக்கு எதுவுமே இல்லை. கூரையில் ஒரு ஓடு விலகி, அதன் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மூச்சு விட்டபின் அடுத்ததை இழுக்கத் தோன்றவில்லை. இழுக்காமல் இருப்பது சுகமாக இருந்தது. பயம் வந்திருந்தால் உடம்பு போராடியிருக்கும். அந்தப் பயத்தையே மருந்து எடுத்துவிட்டிருந்தது.

மற்றதைச் சொர்ணம் சொல்லித்தான் தெரியும். மூன்று மணிக்குக் குத்தி எடுக்க வந்தபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பூத்திருந்ததாம். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நிமிஷத்துக்கு ஐந்து மூச்சு. டாக்டர் ஈரத்துண்டால் முகத்திலும் மார்பிலும் அடித்தார், வேறு இரண்டு ஊசிகள் போட்டார், பால் விடாத காப்பியை ரப்பர்க் குழாய் வழியே உள்ளே செலுத்தினார். விலா முறிந்தவன் ஆனதால் மார்பை அமுக்கி மூச்சு ஊட்டவும் முடியாது. என்ன தின்றான் என்று சொர்ணத்தைக் கேட்டார். கஞ்சிதான் என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அபினி தின்றது தெரிந்திருந்தால் அப்போதே வயிற்றைக் கழுவியிருப்பார்கள். தெரியாததால் அது வயிற்றிலேயே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒன்றுதான் வழி. இந்த நிலையில் இருக்கிறவன் தானாக மூச்சு விடமாட்டான்; விடு என்று சொன்னால் விடுவான். ஞானம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்று பகல் மூன்றரையிலிருந்து மறுநாள் காலை வரை உட்கார்ந்திருந்தாள். அது மட்டும் எனக்கு நேரடியாக நினைவிருக்கிறது. ஆழமான கிணற்றுக்கு அடியில் நான் கிடக்க, மேலே யாரோ குனிந்து கூப்பிடுவதுபோல.

"எத்திராஜ், மூச்சு இழுங்க."

இழுப்பேன்.

"விடுங்க. இன்னொண்ணு. எத்திராஜ், இழுங்க."

அந்தக் குரல் எனக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. என்னை விட்டுவிட்டுப் போகமாட்டாளா என்று நினைத்தேன். சொர்ணம் மாற்றிக்கொள்ள வந்தபோதுகூட அவள் எழுந்திருக்கவில்லையாம். விடியும்போது குரல் கம்மிப்போய், சத்தம் வராமல், என் கன்னத்தைத் தட்டித் தட்டியே மூச்சு வாங்க வைத்தாளாம். ஆயிரக்கணக்கான மூச்சு. ஒவ்வொன்றும் அவள் கேட்டு வாங்கியது.

பிழைத்தேன். ஆனால் அதோடு முடியவில்லை. இருபது மணி நேரம் மேலோட்டமாகவே மூச்சு விட்டதிலும், இருமாததிலும், இடது நுரையீரலின் அடியில் சளி கட்டி, மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. நிமோனியா. சல்பா மாத்திரை பட்டணத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். யுத்த காலத்தில் அது கிடைப்பதே அபூர்வம். துருப்பிடித்த நிறத்தில் கோழை வந்தது. அபினி திடீரென்று நின்றுபோனதால் மூக்கு ஒழுகியது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, வயிறு போயிற்று. காய்ச்சலின் உபாதை என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். தேங்கிய ரத்தத்தையும் அந்தக் கோணி ஊசியால் எடுத்தார்கள். நான் பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. கால் கிரெயின் மார்பியா ஒருவனை இந்தப் பாடு படுத்தாது. மருந்து அலமாரியில் கால் கிரெயின் மாத்திரைக் குப்பியும் அரைக் கிரெயின் மாத்திரைக் குப்பியும் ஒரே இழுப்பறையில் இருந்தன. இரண்டு குப்பியும் ஒரே உயரம், ஒரே மூடி. அரைக் கிரெயின் குப்பியில் எத்தனை மீதம் என்று ஒரு வாரமாக யாரும் எழுதி வைக்கவில்லை. அன்று இரண்டு வார்டையும் ஒருத்தியே பார்த்தாள், அவசரம். மாற்றி எடுத்திருக்கலாம். முதலில் அவள் திட்டவட்டமாக இல்லை என்றாளாம். மூன்று நாள் கேட்டபின், இல்லை என்றே நினைக்கிறேன் என்றாளாம்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். காய்ச்சல் இருந்தது, ஆனால் புத்தி தெளிவாகவே இருந்தது. அவருக்குப் பின்னால், கட்டில் கால்மாட்டில், ஞானம்மாள் நின்றாள்.

"எத்திராஜ், உண்மையைச் சொல்லு. அன்னைக்கு வெளியிலேருந்து எதாவது சாப்பிட்டியா? ஒரு பொண்ணோட வேலை இதுல இருக்கு."

முதல்நாள் சாயங்காலம்தான் கோதண்டம் வந்து காதோடு காதாக, போலீசு வந்தால் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நடுங்கிவிட்டுப் போயிருந்தான். நான் அபினி தின்றது தெரிந்தால் கன்டிராக்டர் கைவிட்டுவிடுவான். அபினிக்காரன் என்று ஊர் சொல்லும். எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. ஞானம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"இல்ல சார். கஞ்சிதான்."

டாக்டர் கையிலிருந்த நோட்டை மூடினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போலத் தலையணையை என் மார்போடு பிடித்துக்கொண்டு இருமவைத்தாள். கோழையைத் துடைத்தாள். பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"நான் குப்பியை மாத்தி எடுத்துட்டேன் போலிருக்கு. உங்களைக் கொல்லப் பாத்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். பெரிய மனிதனைப்போல, போனால் போகிறது என்று தலையாட்டினேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நீக்கிவிட்டார்களா, அவளாகப் போனாளா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஏழு வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். சொர்ணம் என்னைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டாள். தெருவில் யார் வந்தாலும் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்வாள். அந்தக் கதையில் ஒரு நர்ஸ் தவறாக ஊசி போட்டுவிட்டு, அப்புறம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காப்பாற்றுவாள். அதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கோதண்டம் இருந்தால் அவனும் எழுந்துவிடுவான். இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. ஒருநாள் அவனால் முடியவில்லை. அக்காளிடம் எல்லாவற்றையும், ஞானம்மாள் மன்னிப்புக் கேட்டதாக நான் அவனிடம் மட்டும் சொல்லியிருந்ததையும் சேர்த்து, சொல்லிவிட்டான்.

சொர்ணம் என்னை எப்போதும் வாங்க போங்க என்றுதான் பேசுவாள். அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அந்தம்மா இல்லன்னா நான் தாலியறுத்து நின்னுருப்பேன். அவுங்க உன்னாண்ட மன்னிப்பு கேட்டாங்களாமே. நீ இன்னா மன்ஷன்யா?"

அப்புறம் என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், பேசவில்லை. நான் உடனே கிளம்பிப் போய்விட்டேன் என்று எழுத ஆசை. இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. அறுவடை, மழை, மூச்சிரைப்பு என்று எனக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. யுத்தம் முடிந்து முகாமில் ஆளைக் குறைத்தார்கள். எனக்கும் வேலை போயிற்று. வீட்டில் உட்கார்ந்து, வேலை போனவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டபின்தான் போனேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

கோதண்டமும் வந்தான். நான் கூப்பிடவில்லை, வண்டியைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பெங்களூர் சாலை வழியே நசரத்பேட்டைக்குப் போனோம். விசாரித்ததில் வீடு சுலபமாகக் கிடைத்தது. அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முதலில் கேட்டது மூச்சு எப்படி இருக்கிறது என்றுதான். மேடு ஏறினால் இரைக்கிறது என்றேன். அவள் முகம் வாடியது. அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள் என்று எனக்குப் புரிந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"எவ்ளோ?"

புளியங்கொட்டை அளவு என்றேன். அதற்கு முன்னால் நான்கு நாள் மிளகு அளவு என்றும் சொன்னேன். எத்தனை மணிக்கு என்றாள். பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

"ஊசி மட்டும்னா ராத்திரி எட்டு மணிக்குள்ள மயக்கம் எறங்கியிருக்கணும். விடியற வரைக்கும் எறங்கல. எனக்கு அப்பவே கணக்கு ஒத்துவரல. டாக்டர்கிட்ட சொன்னேன். ஆனா எம்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு." "அப்ப நான் கால் கிரெயின்தான் போட்டிருக்கேன்."

"ஆமாம்மா."

"கால் கிரெயின்தான் போட்டிருக்கேன்," என்று மறுபடி சொன்னாள், எங்களிடம் இல்லை.

உள்ளேயிருந்து அவள் அண்ணன் வந்தார். நான் சொன்னதை அவர் எதிரில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது அதிகக் கஷ்டமாக இருந்தது. அவர்தான் மற்றதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவளை நீக்கவில்லையாம். எச்சரித்து வைத்துக்கொள்ளத்தான் இருந்தார்களாம். அவளேதான் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். ஊசியைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறது, இன்னொருத்தரைக் கொன்றுவிடுவேன் என்றாளாம். அக்கம்பக்கத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால்கூடப் போவதில்லை. இரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள்.

கோதண்டம் வாசற்படியில் குந்தி, தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா குட்த்தேன். போலீசுல வேணா சொல்லு, நான் போறேன்," என்றான். அவள் அவனைப் பார்த்துவிட்டு, அன்பினால் கொடுத்தாய், நான் கேட்டபோது அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

"நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டப்போ தலையாட்டினீங்களே. அதை நான் தினம் நினைச்சுக்குவேன். நல்ல மனுஷன், கொல்லப் பாத்தவளையே மன்னிச்சிட்டாருன்னு." குரல் உயரவில்லை. "நீங்க கேக்காதீங்க. எழுதிக் குடுங்க."

அண்ணன் தாளும் பென்சிலும் கொண்டுவந்தார். தையல் மிஷின் பலகையிலேயே வைத்து எழுதினேன். இன்ன நாள் இத்தனை மணிக்கு இந்த அளவு அபினி தின்றேன், நர்ஸ் கேட்டபோதும் டாக்டர் கேட்டபோதும் தவறுதலாக அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், நர்ஸ் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோதண்டம் கைநாட்டு வைத்தான்.

அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்து, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"தவறுதலா இல்ல. தெரிஞ்சேதான்."

அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று எழுதினேன்.

அந்தத் தாளை அன்றே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். நான் கேட்காமலே என் முதுகில் தட்டிப் பார்த்து, இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிட்டது, இனி விரியாது, இருக்கிறதை வைத்துக்கொண்டு பிழைத்துப் போ என்றார். பிறகு ஞானம்மாளுக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார்.

தை மாதத்தில் அவள் காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவள் அண்ணன் பூந்தமல்லி சந்தையில் கோதண்டத்தைப் பார்த்துச் சொன்னாராம். எனக்கென்று அவள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.